சோம்பல் என்று பெயர் வைத்துவிட்டோம்

(நூலக வாசகர் கூட்டமொன்றில் ஒரு மருத்துவர் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)

பள்ளி விட்டதும் சீருடையோடு நேரே இங்கே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, இன்றைக்குச் சொல்லப்போவதில் பாதி உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. மீதிப் பாதியை உங்கள் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள்.

எங்கள் பெரியம்மாவிடமிருந்து தொடங்குகிறேன். நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது அவருக்கு நாற்பது வயது இருக்கும். பங்குனி வெயிலில் ஊரே விசிறியும் கையுமாக அலையும்; பெரியம்மா மட்டும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். குரல் கட்டிப்போய் ஆண்குரல் மாதிரி ஆகியிருந்தது. முகம் ஊதி, கண்ணுக்குக் கீழே பை தொங்கியது. சீப்பை வைத்தால் கொத்தாக முடி வந்தது. ஏதாவது கேட்டால் பதில் வர நேரமாகும். அரிசி களையப் போனவர் பானையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுவார். ஒரு காலத்தில் நாற்பது பேர் பந்திக்குத் தனியாளாகச் சமைத்தவர் அவர்.

"அவளுக்கு உடம்பு வணங்கலை" என்றார் பாட்டி. மகளைக் கட்டிக்கொடுத்த ஏக்கம் என்றார்கள் பக்கத்து வீட்டில். ஒரு செவ்வாய்க்கிழமை வேப்பிலை அடித்து மந்திரித்தும் பார்த்தார்கள். டாக்டரிடமும் போகாமலில்லை. சத்து மாத்திரையும் டானிக்கும் எழுதிக் கொடுத்தார், அவ்வளவுதான். இப்படி எட்டு வருஷம் போயிற்று. மருத்துவக் கல்லூரியில் நான்காம் ஆண்டு படிக்கும்போது விடுமுறைக்கு வந்த நான், படித்ததைப் பார்த்துவிடும் ஆசையில் அவர் கையைப் பிடித்து நாடி எண்ணினேன். நிமிடத்துக்கு 52. புருவத்தின் வெளிப்பக்கத்தில் முடியே இல்லை. முழங்கால் தசைநாரில் தட்டினால் கால் சட்டென்று எழும்பியது. ஆனால் திரும்பி இறங்க மனசில்லாததுபோல் மெல்ல இறங்கியது. பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க அச்சடித்திருந்த நோய், எட்டு வருஷமாக எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தது.

கழுத்தின் முன்பக்கம், மூச்சுக்குழாயைக் கட்டிக்கொண்டு ஏறத்தாழ இருபது கிராமில் ஒரு சுரப்பி இருக்கிறது. தைராய்டு. பெரியம்மாவுக்கு அது வேலையை நிறுத்தியிருந்தது. நாங்கள் அதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்திருந்தோம்.

நாளமில்லாச் சுரப்பி என்கிறது உங்கள் பாடப்புத்தகம். நாளம் என்றால் குழாய். உமிழ்நீருக்கு ஒரு குழாய் இருக்கிறது, வாயில் திறக்கிறது. கண்ணீருக்கு இருக்கிறது, வியர்வைக்கும் இருக்கிறது. தைராய்டுக்கு அப்படி எதுவும் இல்லை. இந்தச் சதை எதற்காக இருக்கிறது, எதையாவது சுரக்கிறதா, சுரந்தால் அது எங்கே போகிறது என்று உடலை அறுத்துப் பார்த்த பழைய மருத்துவர்கள் வெகுகாலம் குழம்பினார்கள். வழி கண்ணுக்கு முன்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது. இரத்தம்தான் அந்த வழி.

இதைப் பாதி தெரிந்துவைத்திருந்தவர்கள் நம் கிராமத்துச் சம்சாரிகள். காளைக்கன்றுக்குக் காயடித்தால் என்ன ஆகும்? திமில் முழுதாக எழும்பாது, முறைப்பு அடங்கும், ஏருக்குப் பணியும். விரை இருப்பது பின்னங்கால்களுக்கு நடுவில். திமில் எழுவது தோளுக்கு மேலே. இங்கே எடுத்தால் அங்கே ஏன் மாற வேண்டும்? ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் காயடித்து வந்த மனிதகுலம் இந்தக் கேள்வியைச் சோதனையாக மாற்றிக் கேட்டது 1849இல்தான். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்தில் ஆர்னால்டு பெர்டோல்டு என்ற பேராசிரியர் ஆறு இளஞ்சேவல்களை எடுத்துக்கொண்டார். சிலவற்றுக்கு விரைகளை முழுதாக நீக்கினார். அவற்றுக்குக் கொண்டை வெளுத்துச் சிறுத்தது; கூவவில்லை, சண்டைக்குப் போகவில்லை, பெட்டையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மற்றவற்றுக்கு எடுத்த விரையை அதே சேவலின் வயிற்றுக்குள்ளோ வேறொரு சேவலின் வயிற்றுக்குள்ளோ இடம் மாற்றி வைத்துத் தைத்தார். அவை முழுச் சேவலாகவே வளர்ந்தன. சிவந்த கொண்டை, விடியலில் கூவல், வம்புச் சண்டை எல்லாமே இருந்தன. பிறகு அறுத்துப் பார்த்தார். வைத்த இடத்தில் விரை ஒட்டிக்கொண்டு உயிரோடு இருந்தது. புதிய இரத்தக்குழாய்கள் அதற்குள் வளர்ந்திருந்தன. பழைய நரம்பு ஒன்றுகூடச் சேரவில்லை. அப்படியானால் சேதி போனது நரம்பு வழியாக அல்ல, இரத்தத்தின் வழியாக. பெர்டோல்டு இதை நான்கே பக்கத்தில் எழுதினார். அரை நூற்றாண்டு யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தக் காலத்தில் நரம்புதான் உடம்பின் ஒரே தந்திக்கம்பி என்று எல்லோரும் நம்பினார்கள். உணவு குடலுக்கு வந்ததும் கணையம் செரிமான நீரைச் சுரக்கிறதே, அதையும் நரம்புதான் சொல்லி நடத்துகிறது என்பது ரஷ்ய மேதை பாவ்லோவின் முடிவு. 1902 ஜனவரியில் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் இருவரும் இதைச் சோதித்தார்கள். மயக்கம் கொடுத்த நாய் ஒன்றின் சிறுகுடலில் ஒரு துண்டுக்கு வரும் நரம்புகளையெல்லாம் வெட்டிவிட்டு, அதற்குள் கொஞ்சம் அமிலத்தை விட்டார்கள். நரம்பே இல்லை, ஆனாலும் கணையம் சுரந்தது. உடனே ஸ்டார்லிங் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். குடலின் உட்படலத்தைச் சுரண்டி எடுத்து, மணலும் அமிலமும் சேர்த்து அரைத்து, வடிகட்டி, அந்த வடிநீரை நாயின் சிரைக்குள் செலுத்தினார். சற்று நேரத்தில் கணையம் மறுபடியும் சுரந்தது. அம்மியில் அரைத்து வடிகட்டுவது போன்ற வேலைதான். அதிலிருந்து ஒரு புதிய அறிவியல் பிறந்தது.

அந்தப் பொருளுக்கு செக்ரிடின் என்று பெயரிட்டார்கள். மூன்று ஆண்டு கழித்து, 1905இல், இப்படி இரத்தத்தில் போகும் சேதிப் பொருள்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஸ்டார்லிங் ஒரு சொல்லைப் பயன்படுத்தினார்: ஹார்மோன். தூண்டி எழுப்புதல் என்ற பொருள் தரும் கிரேக்க வினையிலிருந்து எடுத்தது. தமிழில் இயக்குநீர் என்றும் எழுதுகிறோம். நல்ல சொல்தான். ஆனாலும் என் நோயாளிகள் ஒருவர்கூட அதைச் சொல்லி நான் கேட்டதில்லை, அதனால் ஹார்மோன் என்றே பேசுகிறேன்.

இரத்தம் உடம்பு முழுக்கப் போகிறது. அப்படியிருக்க, ஒரு சேதி தனக்குரிய இடத்தில் மட்டும் வேலை செய்வது எப்படி? ஊர் முழுக்கத் தண்டோரா போட்டாலும், யார் பெயரைச் சொன்னார்களோ அவர்தான் எழுந்து போவார். அதுபோல் ஒவ்வொரு ஹார்மோனையும் இனம் கண்டு பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் குறிப்பிட்ட செல்களில் மட்டுமே இருக்கின்றன. இன்சுலினைப் பிடிக்கும் ஏற்பி செல்லின் வெளிச்சவ்வில் நிற்கிறது. இன்சுலின் உள்ளே போக வேண்டியதில்லை, வாசலில் சொன்னால் போதும். தைராய்டு ஹார்மோன் செல்லுக்குள் நுழைந்து, உட்கருவரைக்கும் போய், எந்த மரபணு வேலை செய்ய வேண்டும் என்பதையே மாற்றுகிறது. அதற்கான ஏற்பி ஏறக்குறைய உடம்பின் எல்லாச் செல்களிலும் உண்டு. அதனால்தான் ஒரு சுரப்பி ஓய்ந்ததும் பெரியம்மாவுக்கு முடி, குரல், குடல், இதயம், மூளை என்று எல்லாமே மந்தமாயின.

இத்தனைக்கும் அளவு எவ்வளவு தெரியுமா? ஒரு நாளைக்கு ஏறத்தாழ 100 மைக்ரோகிராம் தைராக்சின். ஒரு வருஷத்துக்கு உரியதை மொத்தமாகக் கையில் வாங்கினால் இரண்டு அரிசி மணியின் எடைகூட வராது. அந்த இரண்டு அரிசி மணிதான் ஒரு மனுஷியைச் சுறுசுறுப்பு என்றும் சோம்பல் என்றும் பிரித்துக் காட்டுகிறது.

இந்த உண்மையைப் பெரும் விலை கொடுத்துக் கண்டுபிடித்தவர் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து அறுவைநிபுணர் தியோடர் கோக்கர். ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளில் கழுத்துக் கழலை ஊருக்கு ஊர் இருந்தது. கழலை என்பது வீங்கிப் பெருத்த தைராய்டு. மூச்சை அடைக்கும் அளவுக்குக்கூட வளரும். அதை அறுத்தால் இரத்தப்போக்கில் ஆள் போய்விடுவார் என்று மற்றவர்கள் பயந்த காலத்தில், கோக்கர் ஒவ்வொரு இரத்தக்குழாயாகக் கட்டி, நிதானமாக, சுத்தமாக அறுத்தார். சுரப்பியை முழுவதுமாக எடுத்தார். நோயாளிகள் நலமாக வீடு திரும்பினார்கள். பெரிய வெற்றி. பிறகு ஜெனீவாவைச் சேர்ந்த ரெவெர்டின் என்ற மருத்துவர், இப்படிச் சுரப்பி முழுக்க எடுக்கப்பட்டவர்களிடம் பின்னால் ஏதோ மாற்றம் தெரிகிறது என்று அவரிடம் சொன்னார். கோக்கர் தன் பழைய நோயாளிகளைத் தேடித் திரும்ப வரவழைத்தார். வந்தவர்களைப் பார்த்து அதிர்ந்துபோனார். பெரும்பாலோர் முகம் வீங்கி, பேச்சு குழறி, நினைவு மழுங்கி வந்து நின்றார்கள். சிறுவயதில் அறுவை செய்துகொண்டவர்கள் வளரவே இல்லை.

1883இல் கோக்கர் இதை ஒளிவுமறைவு இல்லாமல் மருத்துவர் மாநாட்டில் எடுத்துச் சொன்னார். சாதாரணக் கழலைக்கு இனி முழுச் சுரப்பியையும் எடுக்கமாட்டேன் என்று முடிவெடுத்தார். 1909இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. என் மாணவர்களிடம் அவருடைய கத்தித்திறனை நான் பெரிதாகச் சொல்வதில்லை. வெற்றி என்று எழுதி மூடிய கோப்புகளைத் தானே மறுபடி திறந்தாரே, அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

எடுத்தால் மந்தமாகிறது என்றால், திரும்பக் கொடுத்தால்? 1891இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே என்ற இளம் மருத்துவர் ஆட்டின் தைராய்டைப் பிழிந்து எடுத்த சாற்றை 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசியாகப் போட்டார். அந்தப் பெண்ணின் கோலம் எங்கள் பெரியம்மாவின் கோலம்தான். சில மாதங்களில் வீக்கம் வடிந்தது, பேச்சு தெளிந்தது, வீட்டுவேலையில் மனம் சென்றது. அடுத்த ஆண்டிலேயே ஊசி வேண்டாம், வாய்வழியாகக் கொடுத்தாலும் வேலை செய்யும் என்று தெரிந்தது. அந்தப் பெண் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து, 1919இல் 74 வயதில் இறந்தார். அவ்வளவு காலம் அவரை நடமாட வைக்க 870 ஆடுகளுக்கு மேல் தேவைப்பட்டன. இன்றைக்குத் தொழிற்சாலையில் செய்த சின்ன வெள்ளை மாத்திரை அதே வேலையைச் செய்கிறது.

பெரியம்மாவும் அந்த மாத்திரையைத்தான் சாப்பிட்டார். ஆறாவது வாரத்தில் கம்பளியை மடித்து வைத்தார். மூன்றாம் மாதம் குரல் திரும்பியது. ஒருநாள் அடுக்களையில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டார்: "ஏன்டி, அப்ப நான் சோம்பேறி இல்லையா?" எட்டு வருஷமாக எல்லோரும் சொன்னதை அவரே நம்பியிருக்கிறார். நோயைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் இந்தத் துறைக்கு வந்தது அன்றைக்கு.

இனி, இந்தச் சுரப்பி எவ்வளவு சுரக்க வேண்டும் என்று யார் சொல்கிறார்கள் என்பதைப் பார்ப்போம். மூளையின் அடியில், எலும்புக் குழியொன்றில், பெரிய பட்டாணி அளவில் பிட்யூட்டரி உட்கார்ந்திருக்கிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இதற்குக் கபச்சுரப்பி என்று பெயர். மூளையின் கபம் இது வழியாக மூக்குக்கு வடிகிறது என்று பழைய ஐரோப்பிய மருத்துவர்கள் நினைத்ததால் வந்த லத்தீன் பெயரின் தமிழாக்கம் அது. நம்பிக்கை போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. பிட்யூட்டரி டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை அனுப்புகிறது. அது தைராய்டைப் பார்த்துச் சுரக்கச் சொல்கிறது. பிட்யூட்டரிக்குச் சொல்வது அதற்கு மேலே இருக்கும் ஹைப்போதலாமஸ். அந்த மேல்மட்டச் சேதி மூன்றே அமினோ அமிலம் கோத்த மிகச் சிறிய மூலக்கூறு. அதைப் பிரித்தெடுக்க ரோஜர் கில்லமின் லட்சக்கணக்கான செம்மறியாட்டு மூளைகளையும், ஆண்ட்ரூ ஷாலி லட்சக்கணக்கான பன்றி மூளைகளையும் பயன்படுத்திப் பல ஆண்டுகள் போட்டி போட்டார்கள். 1969இல் இருவரும் அதன் அமைப்பைக் கண்டார்கள். 1977இல் நோபல் பரிசிலும் பங்கு பெற்றார்கள்.

பிட்யூட்டரியைத் தலைமைச் சுரப்பி என்று பாடப்புத்தகம் சொல்லும். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. ஏரிப் பாசனத்தில் மடை திறக்கும் நீர்க்கட்டியாரைப் பாருங்கள். மடையைத் திறப்பவர் அவர்தான். ஆனால் எவ்வளவு திறப்பது என்பதைக் கடைமடை வயல் சொல்கிறது. கடைமடை காய்ந்தால் இன்னும் திறப்பார். நனைந்துவிட்டது என்று சேதி வந்தால் பலகையை இறக்குவார். சேதி வராவிட்டால் அவர் கண்ணில்லாதவர்தான். அதுபோல இரத்தத்தில் தைராக்சின் போதுமான அளவு இருந்தால் பிட்யூட்டரி டி.எஸ்.எச்.சைக் குறைக்கிறது, தைராக்சின் குறைந்தால் டி.எஸ்.எச்.சை ஏற்றுகிறது. உடம்பின் பெரும்பாலான சுரப்பிகள் இப்படித் தங்கள் விளைவைக் கொண்டே தங்களை அடக்கிக்கொள்கின்றன. பிரசவம் மாதிரிச் சில இடங்களில் மட்டும் முறை தலைகீழ்: கருப்பை வாயில் குழந்தையின் தலை அழுத்த ஆக்சிடோசின் ஏறும், அது ஏற வலி கூடும், வலி கூட இன்னும் அழுத்தும். குழந்தை பிறந்தால்தான் அந்தச் சுற்று அறுபடும்.

இந்த மடைக்கணக்கு புரிந்தால் உங்கள் கையில் இருக்கும் பரிசோதனைச் சீட்டும் புரியும். "டாக்டர், எனக்குத் தைராய்டு ரொம்ப அதிகமாயிருச்சு" என்று வாரத்துக்குப் பத்துப் பேராவது பதறி வருகிறார்கள். சீட்டில் டி.எஸ்.எச். 18 என்று இருக்கும். வழக்கமான அளவு ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை. அம்மா, அதிகமாக இருப்பது தைராய்டு அல்ல, அதைப் பார்த்துப் பிட்யூட்டரி போடும் சத்தம். கடைமடை காய்ந்ததால் நீர்க்கட்டியார் பலகையை முழுக்கத் தூக்கியிருக்கிறார். டி.எஸ்.எச். ஏறியிருந்தால் பெரும்பாலும் தைராய்டு குறைவு என்று பொருள். மாத்திரை சரியான அளவில் போனால் டி.எஸ்.எச். தானாக இறங்கும்.

மாத்திரையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு சாப்பிட வேண்டும். ஃபில்டர் காபியோடு சேர்த்து விழுங்கினால் குடலில் சரியாக ஏறாது. காபிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் நான்கு மணி நேரம் தள்ளிப் போக வேண்டும். கர்ப்பிணிகளுக்கு மூன்றையும் ஒரே பொட்டலத்தில் கொடுத்து ஒன்றாக விழுங்கவிடுகிறார்கள்; தைராக்சின் வீணாகிறது. இரத்தத்தில் தைராக்சின் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஏழு நாள் ஆகும். அதனால் ஒருநாள் மறந்தால் குடி முழுகிப் போகாது. அளவை மாற்றினால் பலன் தெரிய ஆறு வாரம் ஆகும். பத்து நாளில் மறுபடி இரத்தம் கொடுத்துவிட்டு மனம் நோகாதீர்கள்.

சிலருக்கு இந்தச் சுரப்பி எதிர்ப்பக்கம் சாயும். டப்ளினில் ராபர்ட் கிரேவ்ஸ் 1835இல் விவரித்த நோயில், உடம்பின் எதிர்ப்புச்சக்தியே டி.எஸ்.எச். வேஷம் போட்டு மடையைத் திறந்து வைத்துவிடுகிறது. நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், நன்றாகச் சாப்பிட்டும் மெலியும், தூக்கம் வராது, சின்னப் பேச்சுக்கும் எரிச்சல் வரும். அந்தப் பெண்ணுக்கு ஊர் வைக்கும் பெயர் "கோபக்காரி." அடக்கமில்லாத மருமகள் என்று தாய்வீட்டுக்கு அனுப்பிவைக்கப்பட்ட ஒருவரைப் பார்த்திருக்கிறேன். நாடி 130. எடை குறைய வேண்டும் என்று தாங்களாகவே தைராக்சின் வாங்கி விழுங்குகிறவர்கள் இதே நிலையைக் காசு கொடுத்து வரவழைக்கிறார்கள். இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு கரையும். களைப்பு எல்லாமே தைராய்டு அல்ல. இரத்தசோகை இருக்கலாம், சர்க்கரை இருக்கலாம், மனச்சோர்வு இருக்கலாம், ஓயாத வேலையாகவும் இருக்கலாம். பரிசோதிக்காமல் மாத்திரை கூடாது.

அதே மடைக்கணக்கு இன்னொரு இடத்தில் உயிரைப் பறிக்கிறது. சிறுநீரகங்களின் தலையில் தொப்பி போல் இரண்டு அட்ரினல் சுரப்பிகள் இருக்கின்றன. அவை கார்டிசால் சுரக்கின்றன: விடியலில் உச்சம், நள்ளிரவில் மிகக் குறைவு. காய்ச்சல், காயம், அறுவை எது வந்தாலும் அதை ஏற்றித்தான் உடம்பு தாக்குப்பிடிக்கிறது. மூட்டுவலிக்கும் இளைப்புக்கும் சீட்டில்லாமல் கடையில் வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரை இதே கார்டிசாலின் வன்மையான உறவுக்காரன். சாப்பிட்டவுடன் வலி போகிறது, பசிக்கிறது, முகம் உருண்டு திரள்கிறது. "பாட்டிக்கு உடம்பு தேறிருச்சு" என்று வீடே மகிழ்கிறது. உள்ளே பிட்யூட்டரி, கார்டிசால்தான் வெள்ளமாக இருக்கிறதே என்று சேதி அனுப்புவதை நிறுத்திவிடுகிறது. சேதி இல்லாத அட்ரினல் மெல்லச் சுருங்குகிறது. ஒருநாள் மாத்திரை தீர்ந்து, வாங்க ஆள் இல்லாமல் நாலைந்து நாள் விட்டுப்போகும். அந்த நேரம் பார்த்து ஒரு காய்ச்சல் வரும். இரத்த அழுத்தம் சரிந்து பாட்டி மயங்கிக் கிடப்பார். இதை நிறையப் பார்த்துவிட்டேன். மருத்துவர் தேவைக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு எத்தனையோ உயிரைக் காக்கும் மருந்து, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் வாரக்கணக்காகச் சாப்பிட்டதைச் சட்டென்று நிறுத்தாதீர்கள். படிப்படியாகக் குறைத்தால்தான் சுருங்கிய சுரப்பி மறுபடி விழிக்கும்.

இன்சுலினைப் பற்றி நிறையப் பேர் பேசியிருப்பார்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன். குழந்தைகளுக்கு வரும் முதல்வகைச் சர்க்கரை நோயில், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பின் எதிர்ப்புச்சக்தி அழித்துவிடுகிறது. 1922 ஜனவரியில் டொரான்டோவில் பதினான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்படும்வரை அது மரணத் தீர்ப்பு. கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். நம் வீடுகளில் இன்னும் "மிட்டாய் தின்னு தின்னு வரவச்சுக்கிட்டான்" என்று அந்தக் குழந்தையையே குற்றம் சொல்கிறார்கள். பெண்குழந்தை என்றால் நாளைக்குக் கல்யாணம் ஆகாதே என்று ஊசியை ஒளித்துப் போடுகிறார்கள். மிட்டாயால் அது வரவில்லை. அந்தப் பிள்ளை எந்தத் தப்பும் செய்யவில்லை.

மறுபடி தைராய்டுக்கே வருகிறேன், ஏனென்றால் நம் கையால் செய்யக்கூடியது அங்கேதான் மிச்சமிருக்கிறது. தைராக்சின் மூலக்கூறில் நான்கு அயோடின் அணுக்கள் உண்டு. அயோடின் இல்லையேல் தைராக்சின் இல்லை. மண்ணில் அயோடின் மழையிலும் வெள்ளத்திலும் கரைந்துபோன இடங்களில், கிடைக்கிற கொஞ்சத்தையும் பிடிக்கச் சுரப்பி பெருக்கிறது, அதுதான் கழலை. இமயமலை அடிவாரம் நெடுக அந்த நிலை இருந்தது. 1956இல் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவர் குழுவினரும் ஏறத்தாழ ஒரு லட்சம் மக்களிடையே ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். பள்ளத்தாக்கை மூன்றாகப் பிரித்து, இரண்டு பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பும் ஒரு பகுதிக்குச் சாதா உப்பும் போய்ச் சேரும்படி செய்தார்கள். ஐந்தாறு ஆண்டில், அயோடின் உப்புத் தின்ற பகுதிகளில் கழலை பாதியாகக் குறைந்தது, மற்றதில் குறையவில்லை. உடனே அந்தப் பகுதிக்கும் நல்ல உப்பைக் கொடுத்தார்கள். 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் பிறந்தது. உலகச் சுகாதார வரலாற்றில் இந்தியர்கள் பெருமைப்பட வேண்டிய பக்கம் அது.

அது மலைக்காரர்கள் விஷயம், நமக்குக் கடல் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் மரக்காணத்திலும் பாத்தி கட்டி உப்பு எடுக்கிறோம். ஆனால் கடல்நீர் வற்றி உப்பாகும்போது அயோடின் அதில் தங்குவதே இல்லை என்னும் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. கல் உப்பில் இயற்கையாகவே அயோடின் இருக்கிறது என்பது தவறான நம்பிக்கை. சேர்த்தால்தான் உண்டு. அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்பது 2006 முதல் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டிருக்கிறது. ஆனாலும் 2018-19இல் நடந்த இந்திய அயோடின் ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்திய வீடுகள் நாட்டில் 76.3 சதவீதம், தமிழ்நாட்டில் 61.9 சதவீதம்தான். அந்த ஆய்வில் மாநிலங்களில் நாம்தான் கடைசி. நாட்டுக்கே உப்பு அனுப்பும் மாநிலம் இது. இந்தக் கணக்கைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் தேவை, கர்ப்பிணிக்கு 250. முதல் மூன்று மாதங்களில் வயிற்றுக் குழந்தைக்குச் சொந்தத் தைராய்டு வேலை செய்யத் தொடங்கியிருக்காது. அதன் மூளை வளர்வது அம்மாவின் தைராக்சினால். அதற்காக உப்பை அதிகம் சாப்பிடச் சொல்லவில்லை. சாப்பிடுகிற உப்பு அயோடின் உப்பாக இருக்கட்டும். பொட்டலத்தில் சிரிக்கும் சூரியன் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அடுப்புக்கு மேலே திறந்து வைக்காமல் மூடிய ஜாடியில் வையுங்கள். கல் உப்புதான் வேண்டும் என்றால் அயோடின் சேர்த்த கல் உப்பே கடையில் கிடைக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் நாட்டில் ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளுக்கு ஒன்று, தைராய்டே இல்லாமலோ அது வேலை செய்யாமலோ பிறக்கிறது. பிறந்த அன்று பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. அழகாக, அமைதியாக, அழாமல் தூங்கும். "ரொம்ப சாதுவான பிள்ளை" என்று பாட்டிமார் மெச்சுவார்கள். மஞ்சள்காமாலை கொஞ்சம் கூடுதலாக நிற்கும், பால் குடிக்கச் சோம்பும், மலம் இறுகும். மாதங்கள் போய் எல்லோருக்கும் தெரியவரும்போது மூளைக்கு ஏற்பட்ட இழப்பைத் திருப்ப முடியாது. ஆனால் பிறந்து இரண்டு மூன்று நாளில் குதிகாலில் லேசாகக் குத்தி, சில சொட்டு இரத்தத்தை வடிதாளில் எடுத்து டி.எஸ்.எச். பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் அந்தக் குழந்தை மற்றப் பிள்ளைகளைப் போலவே படிக்கும், ஓடும். உங்கள் வீட்டில் பிரசவம் என்றால், ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன், "தைராய்டு டெஸ்ட் எடுத்தாச்சா?" என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

அப்படிக் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பெண்குழந்தையின் அம்மாவுக்கு நான் முதல்நாள் செய்துகாட்டியது நினைவிருக்கிறது. சின்ன மாத்திரையை ஒரு கரண்டியில் வைத்து, இன்னொரு கரண்டியின் முதுகால் நசுக்கி, அதில் தாய்ப்பாலைச் சில சொட்டுப் பீச்சி, கலக்கி, குழந்தையின் கன்னத்து உட்புறமாக விட வேண்டும். அந்த அம்மாவின் கை நடுங்கியது. குழந்தை சப்புக்கொட்டி விழுங்கியது. போன வாரம் அந்தப் பெண் தன் மாத்திரை அட்டையைத் தானே கொண்டுவந்தாள். ஒன்பதாம் வகுப்பு. கபடி அணியில் இருக்கிறாளாம். மாவட்டப் போட்டிக்கு வெளியூர் போகும்போது மாத்திரையைக் காலை எத்தனை மணிக்குப் போடலாம் என்று கேட்டாள்.